கென்யாவின் மிஷன் ஆஸ்பத்திரியில் இரண்டு வார மருத்துவ ஊழியம்: முழுமையான வழிகாட்டி

வெளிநாட்டு மருத்துவ ஊழியம் என்றதும் பல சபைகளில் முதலில் குழு சேரும், பிறகு காணிக்கை சேரும், அதன்பின் டிக்கெட் எடுக்கப்படும். "அங்கே என்ன வேலை?" என்ற கேள்வி கடைசியில்தான் வரும். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். முதலில் போக வேண்டியது ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம். இரண்டு வாரம் கழித்து நீங்கள் கிளம்பிவிடுவீர்கள், அங்கே இருப்பவர்கள் இருப்பார்கள். வேலை அவர்களுடையது, நீங்கள் அதற்குத் தோள் கொடுக்கப் போகிறீர்கள். கீழே வருவதெல்லாம் இந்த ஒன்றை ஒட்டியே.

கென்யாவை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நைரோபியிலிருந்து ஏறக்குறைய 60 கி.மீ. தூரத்தில், ரிஃப்ட் பள்ளத்தாக்கின் விளிம்பில் இருக்கிறது கிஜாபே ஆஸ்பத்திரி. ஆப்பிரிக்கா இன்லாண்ட் சபையைச் சேர்ந்த இது 1915-இல் தொடங்கியது. மேற்கே பொமெட் பகுதியில் டென்வெக் ஆஸ்பத்திரி. இரண்டும் வெறும் சிகிச்சை நிலையங்கள் அல்ல. கென்ய மருத்துவர்களும் நர்ஸுகளும் பயிற்சி பெறும் இடங்கள், ஆப்பிரிக்க அறுவை மருத்துவர்கள் உருவாகும் இடங்கள். இங்கே வரும் தன்னார்வலரிடம் எதிர்பார்ப்பது வேறு மாதிரி இருக்கும்.

ஆறு மாதத்துக்கு முன்: கடிதம்

கடிதத்தில் "நாங்கள் வந்து முகாம் நடத்த விரும்புகிறோம்" என்று எழுதாதீர்கள். குழுவில் யார் யார், ஒவ்வொருவரின் படிப்பு, எத்தனை ஆண்டு அனுபவம், தனியாகச் செய்யக்கூடிய வேலை எது, மேற்பார்வையோடு மட்டும் செய்யக்கூடியது எது, எந்தத் தேதிகளில் வர முடியும் என்று ஒரே பக்கத்தில் எழுதி, "உங்களுக்கு எது தேவை?" என்று கேளுங்கள்.

பதில் நீங்கள் எதிர்பார்த்ததாக இருக்காது. பத்து பொது மருத்துவர்கள் வருவதைவிட ஒரு மயக்க மருந்து நிபுணர் வந்து, அங்குள்ளவருக்கு இரண்டு வாரம் விடுப்புக் கொடுத்தால் போதும் என்பார்கள். அல்லது பழுதான ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர்களைச் சரிசெய்யத் தெரிந்த பயோமெடிக்கல் டெக்னீஷியன் ஒருவரைக் கேட்பார்கள். கேட்டதைக் கொடுங்கள். அதற்கு ஏற்ற ஆள் உங்கள் குழுவில் இல்லையென்றால் அந்த ஆளைத் தேடி அனுப்புவதே ஊழியம்.

ஒரு எச்சரிக்கை. மிஷன் ஆஸ்பத்திரிகள் பெரும்பாலும் நோயாளிகள் கட்டும் கட்டணத்தையும் காப்பீட்டுப் பணத்தையும் நம்பியே நடக்கின்றன. கென்யாவில் 2024 அக்டோபரில் பழைய காப்பீட்டு முறை போய் எஸ்.எச்.ஏ. (சமூக சுகாதார ஆணையம்) என்ற புதிய அமைப்பு வந்தது. இந்த நிலையில் வெளிநாட்டுக் குழு பக்கத்து ஊரில் ஒரு வாரம் இலவச முகாம் போட்டால், ஆஸ்பத்திரிக்கு வர வேண்டியவர் "அடுத்த முகாம் வரட்டும்" என்று காத்திருப்பார். சர்க்கரை நோய்க்காரர் அப்படிக் காத்திருந்தால் கால் போகும். அதனால் முகாம் போடுவதா, எங்கே, என்ன கட்டணம் என்பதையெல்லாம் ஆஸ்பத்திரி நிர்வாகமே முடிவு செய்யட்டும்.

உரிமம், விசா

சுற்றுலா நோக்கத்தில் எடுத்த ஈ-டி.ஏ. அனுமதியை வைத்துக்கொண்டு நோயாளியைத் தொடக்கூடாது. (கென்யா 2024 ஜனவரியில் விசாவுக்குப் பதிலாக இந்த இணையவழி அனுமதியைக் கொண்டுவந்தது.) மருத்துவர்களுக்கும் பல் மருத்துவர்களுக்கும் கென்ய மருத்துவக் கவுன்சிலின் தற்காலிக உரிமம் வேண்டும். நர்ஸுகளுக்குக் கென்ய நர்ஸிங் கவுன்சில், மருந்தாளுநருக்கும் லேப் டெக்னீஷியனுக்கும் அவரவர் கவுன்சில். குறுகிய காலப் பணிக்கான குடிவரவு அனுமதி தனி. எந்த விண்ணப்பம் எந்த வரிசையில் என்பதை ஆஸ்பத்திரியின் மனிதவள அலுவலகம் சொல்லும். அவர்கள் சொன்ன வரிசையை மாற்றாதீர்கள்.

இங்கிருந்து நீங்கள் எடுக்க வேண்டியவற்றில் அதிகம் இழுப்பது நன்னடத்தைச் சான்றிதழ். நீங்கள் பதிவு செய்திருக்கும் கவுன்சிலிலிருந்து வாங்க வேண்டும். அது நடப்பில் உள்ளதாக இருக்க வேண்டும், அதனால் ஒரேயடியாக முன்கூட்டி வாங்கி வைத்தாலும் பயன்படாது. பயணத்துக்கு நான்கைந்து மாதம் முன் விண்ணப்பிப்பது சரியாக இருக்கும். அடிக்கடி காகிதம் திரும்பி வருவது பெயர்க் குழப்பத்தால்தான்: பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கும், பட்டத்தில் வெறும் இனிஷியல் இருக்கும். இரண்டும் ஒரே ஆள் என்று நோட்டரி உறுதிமொழி ஒன்று வாங்கி எல்லா விண்ணப்பத்தோடும் இணைத்துவிடுங்கள்.

மருத்துவ மாணவர்கள் பார்வையாளராகத்தான் போக முடியும். சொந்த ஊரில் செய்ய அனுமதி இல்லாத எதையும் அங்கே செய்யக்கூடாது. "அங்கே யாரும் கேட்கமாட்டார்கள், நிறையக் கற்றுக்கொள்ளலாம்" என்று சொல்லி மாணவரை அழைத்துப் போகும் குழுவில் சேராதீர்கள். ஏழையின் உடம்பு நம் பயிற்சிக்கூடம் அல்ல.

தடுப்பூசி: மஞ்சள் காய்ச்சலை மறக்கவே கூடாது

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கிவிழும் இடம் இது. கென்யாவுக்குள் நுழையும்போது இந்தியரிடம் இதைக் கேட்காமல் போகலாம். ஆனால் கென்யா மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடு என்பதால், திரும்பி வரும்போது நம் விமான நிலையத்தில் கேட்பார்கள். செல்லுபடியாகும் சான்றிதழ் இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அதன்பின் ஆயுள் முழுவதும் செல்லும். அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் போட்டால்தான் கணக்கு. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட், துறைமுகச் சுகாதார அலுவலகம் ஆகியவை உண்டு. குறிப்பிட்ட நாட்களில் மட்டும் போடுவதால் முன்பே பதிந்துகொள்ளுங்கள். இது உயிருள்ள கிருமி ஊசி. முட்டைக்குக் கடும் ஒவ்வாமை உள்ளவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள், கர்ப்பிணிகள், 60 வயதைத் தாண்டியவர்கள் முதலில் மருத்துவரிடம் பேச வேண்டும்.

ஹெபடைடிஸ் பி ஊசி 0, 1, 6 மாதம் என்ற கணக்கு. ஆறு மாதத்துக்கு முன்பே வேலையைத் தொடங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். மூன்றாவது ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ஆன்டிபாடி அளவு பாருங்கள், 10 mIU/mL-க்கு மேல் இருக்க வேண்டும். டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ, டெட்டனஸ் ஆகியவற்றையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மலேரியா இடத்தைப் பொறுத்தது. கிஜாபே கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே ஆபத்து குறைவு. விக்டோரியா ஏரிக்கரையும் கடற்கரைப் பகுதியும் நேர் எதிர். ஏரிப் பக்கம் ஒரு வாரம் முகாம் என்றாலும் தடுப்பு மருந்து வேண்டும். டாக்சிசைக்ளின் என்றால் தினமும் 100 மி.கி., போவதற்கு ஒன்றிரண்டு நாள் முன் தொடங்கி, அந்தப் பகுதியை விட்டபின் 4 வாரம் வரை. ஊர் திரும்பியதும் நிறுத்திவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ஏரித் தண்ணீரில் கால் நனைக்காதீர்கள். நத்தைகள் வழியாகப் பரவும் சிஸ்டோசோமியாசிஸ் என்ற புழு நோய் அங்கே உண்டு.

மருந்து: இங்கிருந்து சுமக்காதீர்கள்

சாம்பிள் மாத்திரைகளைச் சபை மக்களிடம் சேகரித்துப் பெட்டி கட்டும் பழக்கம் இன்னும் இருக்கிறது. நல்ல மனதோடு செய்வதுதான், ஆனால் அங்கே போய்ச் சேரும்போது அது பாரம். வெளிநாட்டிலிருந்து கொடையாக வரும் மருந்துக்கு, போய்ச் சேரும் நாளில் குறைந்தது ஓராண்டாவது காலாவதிக்கு மிச்சம் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். நம் பிராண்டுப் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. இறக்குமதி அனுமதி இல்லாவிட்டால் சுங்கத்தில் பெட்டியைப் பிடித்து வைப்பார்கள். டிரமடால், கோடீன் போன்றவை பெட்டியில் இருந்தால் வழக்கே வரலாம்.

அதைவிடப் பணத்தைக் கொண்டுபோய் அங்கேயே வாங்குங்கள். நைரோபியில் மெட்ஸ் என்ற அமைப்பு சபைகள் சேர்ந்து நடத்துவது. மிஷன் ஆஸ்பத்திரிகளுக்கு அத்தியாவசிய மருந்துகளின் தரத்தைச் சோதித்து மொத்தமாக வழங்குகிறது. பட்டியலை ஆஸ்பத்திரி மருந்தாளுநரே போடட்டும். முகாமில் மிஞ்சியது அவர்கள் அலமாரிக்கே போய்விடும், ஒன்றும் வீணாகாது.

குழந்தைகளுக்கான சிரப்பில் தனிக் கவனம் வேண்டும். பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி. என்றால் 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி. நம்மூரில் 5 மி.லி.-க்கு 125 மி.கி. உள்ளதும் கிடைக்கும், 250 மி.கி. உள்ளதும் கிடைக்கும். முதலாவதில் 6 மி.லி., இரண்டாவதில் 3 மி.லி. அங்கே 120 மி.கி. உள்ள பாட்டில் வரலாம். கை பழகிய அளவை எழுதினால் பாதி டோஸோ இரட்டை டோஸோ போய்விடும். மருந்துச் சீட்டில் எப்போதும் மி.கி. எழுதுங்கள். மி.லி. கணக்கை மருந்து மேசையில் பாட்டிலைப் பார்த்துப் போடட்டும்.

மாத்திரைகளை முன்கூட்டிப் பிரித்துக் கட்டப் பேப்பர் கவர் வாங்குங்கள். 2017 ஆகஸ்டு முதல் கென்யாவில் பிளாஸ்டிக் பைகளுக்குக் கடும் தடை இருக்கிறது. உங்கள் சொந்த சாமான்களையும் துணிப்பைகளில் கட்டுங்கள். விமான நிலையக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பையையும் அங்கே இறங்கும்போது விட்டுவிட வேண்டும்.

இங்கிருந்து கொண்டுபோகத் தக்கது எது? ஆஸ்பத்திரி கேட்டிருந்தால் கருவிகளின் உதிரி பாகங்கள். இந்த விஷயத்தில் நமக்கு ஒரு வசதி உண்டு. கென்யாவின் மின்சாரமும் நம்முடையது போல 50 ஹெர்ட்ஸ், 240 வோல்ட் அளவு. அமெரிக்காவிலிருந்து வரும் 110 வோல்ட் கருவியைத் தெரியாமல் செருகிப் புகைய விடும் கதை இந்தியக் கருவிக்கு இல்லை. பிளக் மட்டும் வேறு, பிரிட்டிஷ் மூன்று சதுர முனை. அடாப்டர் நான்கைந்து எடுத்துக்கொள்ளுங்கள். அத்துடன் வெள்ளெழுத்துக் கண்ணாடி. ஐந்து நாள் முகாமுக்கு 120 கண்ணாடி என்றால் +1.50, +2.00, +2.50 ஆகியவற்றில் தலா 30, மிச்சத்தை +1.00-க்கும் +3.00-க்கும் பிரித்துக்கொள்ளலாம்.

முகாம் நாள்

மருத்துவர் ஒருவர் மொழிபெயர்ப்பாளரோடு ஒரு நோயாளியைப் பார்க்க 8 நிமிடம் ஆகும். ஆறு மணி நேரத்தில் 45 பேர். இரண்டு மருத்துவர் என்றால் 90 டோக்கன், 91-வது டோக்கன் கிடையாது. மாலை நான்கு மணிக்கு இருநூறு பேரை நிற்கவைத்து "நாளை வாருங்கள்" என்பதைவிடக் காலையிலேயே எண்ணிச் சொல்வது மரியாதை. விடியற்காலையில் பத்து கி.மீ. நடந்து வந்தவர்கள் அந்த வரிசையில் இருப்பார்கள்.

வரிசைக்கு முன்னால் ஒரு நர்ஸ் நடந்துகொண்டே இருக்க வேண்டும். பால் குடிக்காத குழந்தை, வலிப்பு வந்த குழந்தை, எதைக் கொடுத்தாலும் வாந்தி எடுக்கும் குழந்தை, துவண்டு கிடக்கும் குழந்தை: இந்த நாலில் ஒன்று இருந்தாலும் டோக்கனைப் பார்க்காமல் உள்ளே அனுப்புங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை உள்ள எல்லாக் குழந்தைக்கும் மேல்கையை நாடாவால் அளந்துவிடுங்கள். 11.5 செ.மீ.-க்குக் கீழ் என்றால் கடும் ஊட்டக்குறைவு. சத்து டானிக் கொடுத்து அனுப்பாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

மலேரியா பகுதியில் காய்ச்சல் என்றால் முதலில் துரிதச் சோதனை, பிறகுதான் மாத்திரை. ஆனால் சோதனைப் பட்டையில் கோடு வந்துவிட்டது என்று மற்றதை மறக்காதீர்கள். சில வகைப் பட்டைகள், நோய் குணமாகிச் சில வாரம் ஆன பிறகும் கோடு காட்டும். போன மாதம் மலேரியா வந்த குழந்தைக்கு இப்போது இருப்பது நிமோனியாவாக இருக்கலாம். மூச்சை ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள்.

ரத்த அழுத்தம்தான் முகாம்களில் மிகவும் தவறாகக் கையாளப்படுவது. நடந்து வந்த களைப்பில் எடுத்த ஒரே அளவை வைத்து 30 மாத்திரை கொடுத்து அனுப்புவார்கள். முப்பத்தோராம் நாள்? யாரும் இல்லை. ஐந்து நிமிடம் உட்காரவைத்து இரண்டு முறை பாருங்கள். 180/120-க்கு மேலே இருந்து நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, பார்வை மங்கல், குழறிய பேச்சு ஏதும் இருந்தால் அன்றே வண்டியில் ஆஸ்பத்திரிக்கு. மற்றவர்களுக்கு, அடுத்த மாதம் மாத்திரை எங்கே வாங்குவார் என்பது தெரிந்த பிறகே முதல் மாத்திரை.

ஆபரேஷன் தியேட்டரில் வேலை என்றால் தேதியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். குடலைத் தைத்த இடம் கசிந்தால் அது பெரும்பாலும் ஐந்தாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் தெரியும். கிளம்பும் வாரத்தில் குடல் தையல் வேண்டாம், அங்குள்ள அறுவை மருத்துவர் தாமே முன்னின்று செய்தாலொழிய. அவர் முன்னின்று, நீங்கள் கை கொடுப்பதே எப்போதும் நல்லது.

ஊசி குத்திவிட்டால்

கை உறையோடு ஊசி குத்தினாலும் அது விபத்துதான். காயத்தை அழுத்திப் பிழியாமல் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, உடனே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாள் முடிக்க வேண்டும். வழக்கமாகத் தருவது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் சேர்ந்தது. இந்த மாத்திரை எந்த அலமாரியில், இரவில் சாவி யாரிடம் என்பதை முதல் நாளே கேட்டு எழுதிவையுங்கள். வெட்கப்பட்டு மறைப்பவர்கள் உண்டு. குழுத் தலைவர் முதல் கூட்டத்திலேயே இதைப் பேசிவிட்டால் அந்த வெட்கம் போகும்.

காப்பீடு எடுக்கும்போது விமானத்தில் ஏற்றி மீட்கும் செலவும் அதில் அடங்குமா என்று பாருங்கள். நைரோபியில் அம்ரெஃப் பறக்கும் மருத்துவர் சேவையின் அவசர எண்ணை எல்லார் கைபேசியிலும் பதியுங்கள்.

மொழியும் கடிகாரமும்

கிஜாபே பக்கம் கிகூயு, பொமெட்டில் கிப்சிகிஸ், எல்லா இடத்திலும் ஓரளவு ஸ்வாஹிலி. பத்துப் பதினைந்து சொல் போதும்: ஹபாரி என்பது நலம் விசாரிப்பு, அசான்டே என்றால் நன்றி, தாவா மருந்து, ஹோமா காய்ச்சல், தும்போ வயிறு, கிச்வா தலை. "உனாஉம்வா வாபி?" என்றால் எங்கே வலிக்கிறது. போலே என்ற சொல்லைக் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். வலிப்பவரிடம், தடுக்கி விழுந்தவரிடம், துக்கத்தில் இருப்பவரிடம் எல்லாம் அவர்கள் சொல்வது அதுதான்.

ஸ்வாஹிலிக் கடிகாரம் வேறு. விடிந்ததிலிருந்து மணி எண்ணுவார்கள், அதனால் நம் காலை எட்டு மணி அவர்களுக்கு "சா ம்பிலி", அதாவது இரண்டு மணி. "எட்டு மணிக்கு மாத்திரை" என்று மொழிபெயர்க்கச் சொன்னால் ஆறு மணி நேரம் தவறக்கூடும். "மாரா ம்பிலி க்வா சீக்கு", நாளைக்கு இருமுறை என்று சொல்லி, கவரில் சூரியனும் நிலாவும் வரைந்துவிடுங்கள்.

1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரி மருத்துவர் சாமுவேல் கிறீன், தமிழைக் கற்று, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் சொல்லிக்கொடுத்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கியவர். அவர் போன பிறகும் அவரிடம் படித்த தமிழ் மருத்துவர்கள் ஊரில் இருந்தார்கள். இரண்டு வாரத்தில் அவ்வளவு முடியாது. ஆனால் தினமும் பிற்பகல் ஒரு மணி நேரம், அவர்கள் கேட்ட ஒரு பாடத்தை, அவர்களிடம் உள்ள கருவியை வைத்தே சொல்லிக்கொடுக்க முடியும்.

ஜெபம்

ஜெபிக்கலாமா என்று கேட்டுவிட்டு ஜெபியுங்கள். "வேண்டாம்" என்று சொன்னவருக்கும் அதே மருந்து, அதே நேரம், அதே முகம். மருந்து மேசைக்கு முன் ஜெப மேசை போடாதீர்கள். அதைத் தாண்டினால்தான் மாத்திரை என்று ஏழைக்குத் தோன்றிவிட்டால், அவர் சொல்லும் "ஆமென்" விசுவாசத்தால் வருவதாக இருக்காது. ஜெப இடம் மருந்துக்குப் பிறகு, தனியாக, விரும்பியவர் மட்டும் போகும்படி இருக்கட்டும். பேச வேண்டியவர் ஆஸ்பத்திரிச் சாப்ளின் (ஆஸ்பத்திரியில் ஊழியம் செய்யும் போதகர்) அல்லது உள்ளூர்ப் போதகர். அவர் நோயாளியின் மொழியில் பேசுவார், அடுத்த வாரம் வீட்டுக்கும் போய்ப் பார்ப்பார்.

நோயாளியின் புகைப்படத்தைச் சபை அறிக்கைக்காக எடுக்காதீர்கள். நம் வீட்டுப் பிள்ளையின் புண்ணை இன்னொரு நாட்டில் திரையில் காட்டச் சம்மதிப்போமா?

கிளம்புமுன்னும் திரும்பிய பின்னும்

கடைசி முழு நாளில் முகாம் வைக்காதீர்கள், அது ஒப்படைக்கும் நாள். பெயர், ஊர், கைபேசி எண், நோய், கொடுத்த மருந்து, அடுத்துப் பார்க்க வேண்டிய தேதி ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அங்கே பொறுப்பெடுக்கும் ஆளின் கையெழுத்து வாங்குங்கள். மேல்சிகிச்சைக்கு அனுப்பியவர்களின் செலவுக்காகக் குழுப் பணத்தில் ஒரு பங்கை ஆஸ்பத்திரிக் கணக்கில் ரசீதோடு கட்டிவிட்டு வாருங்கள். நல்ல சமாரியன் காயத்தைக் கட்டியதோடு போய்விடவில்லை. சத்திரக்காரன் கையில் பணம் கொடுத்து, மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்று சொல்லிப் போனான்.

ஊர் திரும்பிய மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே மலேரியா ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கென்யாவுக்குப் போய்வந்ததை மருத்துவரிடம் நீங்களே முதலில் சொல்லுங்கள், அவர் கேட்கமாட்டார். வார்டில் வேலை செய்தவர்கள் எட்டு முதல் பத்து வாரம் கழித்துக் காசநோய்ச் சோதனை செய்துகொள்ள வேண்டும். ஒரு மாதம் கழித்து அந்த நோட்டில் கையெழுத்துப் போட்டவரை அழைத்து, ஒவ்வொரு பெயராகக் கேளுங்கள். அடுத்த ஆண்டுக்கு என்ன தேவை என்பதையும் அதே அழைப்பில் கேட்டுக்கொள்ளுங்கள்.